லிவியாவாக வந்த ஷான் ஃபிலிப்ஸ்: நடிப்பு, மொழி, வாழ்க்கை

#1 நாடகப்பித்தன்

போன வாரம் 'ஐ, கிளாடியஸ்' தொடரை மறுபடியும் முழுசாகப் பார்த்து முடித்தேன். 1976-ல் பி.பி.சி. எடுத்தது. எல்லாமே ஸ்டுடியோவுக்குள் வீடியோ டேப்பில் எடுத்த காட்சிகள். போர்க்களம் கிடையாது, பெரும்படை கிடையாது, ரோமாபுரியின் தெரு ஒன்றைக்கூட ஒழுங்காகக் காட்டவில்லை. முகங்களும் குரல்களும்தான் தொடர். அதில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவாக வரும் வெல்ஷ் நடிகை சியான் ஃபிலிப்ஸ் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்.

ஒரு காட்சி சொல்கிறேன். விளையாட்டு தொடங்கும் முன், அரங்கில் உயிரைப் பணயம் வைத்து மோதும் கிளாடியேட்டர்களை நிற்க வைத்துப் பேசுகிறார் லிவியா. உயிர் பிழைப்பதற்காக அவர்கள் செய்யும் தொழில் தந்திரங்களால் விளையாட்டின் தரமே கெட்டுப்போகிறதாம். இனி ஒழுங்காகச் சாக வேண்டுமாம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை பிள்ளைகளைத் திட்டுவது போல அத்தனை சாதாரணமாகச் சொல்கிறார். சிரித்துவிட்டேன், அடுத்த நொடியே வயிற்றைப் பிசைந்தது.

இவரைப் பற்றித் தமிழில் தேடினால் 'நடிகர் பீட்டர் ஓ'டூலின் முன்னாள் மனைவி' என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. எழுபது வருடத்துக்கு மேல் மேடையில் நின்ற ஒருவருக்கு இது அநியாயம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 மீனா_திருமங்கலம்

அண்ணா, இவங்கதானே 1984-ல வந்த பழைய 'டியூன்' படத்துல மொட்டைத் தலையோட வர்ற ரெவரண்ட் மதர்? பையன் கையைப் பெட்டிக்குள்ள விடச் சொல்லி, கழுத்துல விஷ ஊசியை வச்சுக்கிட்டு நிப்பாங்களே! சின்ன வயசுல பார்த்துப் பயந்திருக்கேன். ரெண்டும் ஒரே ஆள்னு இன்னைக்குத்தான் தெரியுது.

#3 வல்வைக்குமரன்

நான் இருக்கிறது வேல்ஸில, ஸ்வான்சி நகரத்தில. 14 வருசமாச்சு. முதல்ல ஒரு சின்னத் திருத்தம், குறை நினைக்காதேங்கோ. சியான் இல்லை, 'ஷான்' (Siân). வெல்ஷ் மொழியில எஸ், ஐ ரெண்டும் சேர்ந்து பின்னால உயிரெழுத்து வந்தா 'ஷ' எண்டுதான் சொல்லுவினம். மேல இருக்கிற அந்தக் கூரைக்குறி 'ஆ'வை நீட்டச் சொல்லுது. ஜேன் எண்ட பெயரின்ர வெல்ஷ் வடிவம் அது. அவவுக்குப் பெற்றோர் வைச்ச பெயர் ஜேன் எலிசபெத் அய்ல்வென்.

1933 மே 14-ல பிறந்தவ. ஊர் க்வைன்-கை-கெர்வென். பெயர் நீளமெண்டு உள்ளூர்ச் சனமே சுருக்கித்தான் கூப்பிடும். பொண்டர்டாவேயில இருந்து வடக்கால மேட்டில ஏறிப் போனா வரும். நிலக்கரி ஊர். ரக்பி வீரர் கேரத் எட்வர்ட்ஸும் அந்த ஊர்தான், இங்க ஆரிட்டக் கேட்டாலும் அவரைத்தான் முதல்ல சொல்லுவினம். தாய் ஆசிரியை. தகப்பன் உருக்கு ஆலையில வேலை செய்து பிறகு பொலிசுக்குப் போனவர்.

அவ சின்னப் பிள்ளையா இருக்கேக்க வெல்ஷ் மட்டும்தான் பேசினவ. ஆங்கிலம் பிடிச்சது ரேடியோவைக் கேட்டுக் கேட்டு. இதை விட்டிட்டு அவவின்ர நடிப்பைப் பற்றிக் கதைக்கேலாது எண்டது என்ர எண்ணம். அவ பிறக்கிறதுக்கு ரெண்டு வருசம் முந்தி, 1931 கணக்கெடுப்பில வேல்ஸ் சனத்தில 36.8 வீதம் வெல்ஷ் பேசினது. 2021-ல அது 17.8. அந்தச் சரிவு முழுக்க அவவின்ர ஒரு ஆயுசுக்குள்ள நடந்தது.

#4 நாடகப்பித்தன்

நன்றி குமரன். இனி ஷான் என்றே எழுதுகிறேன். தலைப்பையும் மாற்றிவிட்டேன்.

#5 பழைய_அலைவரிசை

குமரன் தம்பி ரேடியோவைத் தொட்டுவிட்டார், அங்கிருந்து நான் பிடித்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் ஒலிபரப்பு வேலையில் இருந்தவன், என் காது அங்கேதான் போகும்.

இந்த அம்மா பி.பி.சி. வேல்ஸ் வானொலியில் நடிக்க ஆரம்பித்தது 11 வயதில். தேசிய ஐஸ்டெத்வொட் என்று ஒரு விழா. கவிதை, பாட்டு, ஒப்பித்தல் எல்லாவற்றுக்கும் போட்டி நடக்கும். ஊருக்கு ஊர் இடம் மாறும். முழுக்க வெல்ஷ் மொழியில். அந்த மேடையில் பரிசு வாங்கிய பிள்ளை. பிறகு கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் படிக்கும்போதே பி.பி.சி.யில் அறிவிப்பாளர், செய்தி வாசிப்பாளர். 1955-ல் உதவித்தொகையோடு லண்டன் ராடா நாடகப் பள்ளிக்குப் போகும்போது, கூடப் படித்தவர்களுக்கு இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: பத்து வருஷ மைக் அனுபவம். செய்தி வாசிக்கிறவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எழவுச் செய்தியானாலும் குரல் உடையக் கூடாது. ஆனால் கேட்கிறவருக்கு அது எழவு என்று புரிய வேண்டும். லிவியாவை இந்தக் காதோடு கேளுங்கள்.

அகஸ்டஸ் சாகும் காட்சி. பிரையன் பிளெஸ்ஸெட் படுத்திருக்கிறார். கேமரா அவர் முகத்தை விட்டு அசையவே இல்லை. லிவியா பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே போகிறார். நீங்கள் என் பேச்சை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்க வேண்டும், நான் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது, பெண் என்பதால் பின்னால் தள்ளிவிட்டீர்கள் என்கிற மாதிரி. நமக்குத் தெரிவது ஒரு மனிதன் மெல்ல மெல்ல உயிர் விடுவது. கேட்பது அவனை விஷம் வைத்துக் கொல்கிற மனைவியின் குரல். அந்தக் குரலில் கோபம் இல்லை. ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தின் அலுப்பும், கொஞ்சம் பாசமும்கூட இருக்கிறது. முகத்தையே காட்டாமல் ஒரு நடிகை ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார். பிளெஸ்ஸெட்டுக்கும் அதில் சரிபாதிப் பங்கு, மறுக்கவில்லை.

அது முடிந்து வெளியே வந்து மகன் டைபீரியஸிடம் அத்திப்பழத்தைத் தொடாதே என்று போகிற போக்கில் சொல்வார். அதற்கு முன் நடந்ததை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். சொல்கிறேன், முழுக்க வானொலி நாடகம்.

#6 கேசவ்_77

லிவியா அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. இவர் தன் தொழிலை அந்தத் திருமணத்துக்குக் காவு கொடுத்தவர். ராடாவில் இப்சனின் 'ஹெட்டா காப்ளர்' நாடகத்தில் நடித்து 1957-ல் லண்டனே பேசிய பெண். அமெரிக்கப் பட ஒப்பந்தங்கள் தேடி வந்தன, வேண்டாம் என்றார். மேடைதான் வேண்டும் என்று. அதுவரை சரி. 1959-ல் ஓ'டூலைக் கட்டிக்கொண்டார். 1962-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' வந்து அவர் உலக நட்சத்திரம். அதன்பின் இவர் யார்? ஜூடி டெஞ்சும் மேகி ஸ்மித்தும் 1934-ல் பிறந்தவர்கள், இவரைவிட ஒரு வயது இளையவர்கள். அவர்கள் அறுபதுகளில் எங்கே போனார்கள், இவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். தானாக எடுத்த முடிவு. அதற்குப் பரிதாபப்படுவதில் அர்த்தமில்லை.

#7 தேன்மொழி

கேசவ் சார், கொஞ்சம் நிதானமா பேசலாமா?

முதல்ல தகவல். அறுபதுகள்ல அவங்க சும்மா உட்காரலை. 1965-ல லண்டன்ல டென்னஸி வில்லியம்ஸோட 'நைட் ஆஃப் தி இகுவானா', ஹன்னா வேஷம். அதே சமயத்துல பெர்னார்ட் ஷாவோட 'மேன் அண்ட் சூப்பர்மேன்'. 1969-ல 'குட்பை மிஸ்டர் சிப்ஸ்' படத்துல அர்சுலா மாஸ்பேங்க்கா வந்து கொஞ்ச நேரமே இருந்தாலும் அமெரிக்கத் தேசியத் திரை விமர்சகர் சங்கம் சிறந்த துணை நடிகை விருது கொடுத்துச்சு. ஓ'டூல்தான் படத்தோட நாயகன். ஆனா அந்த விருதை அவர் வாங்கித் தரலை.

ரெண்டாவது. கேட், பேட்ரிஷியான்னு ரெண்டு பெண் குழந்தைங்க. கணவர் மாசக்கணக்கா ஜோர்டான் பாலைவனத்துல, அப்புறம் எங்கெங்கயோ. வீட்டை யார் பார்த்தாங்க? ஷானோட அம்மா வேல்ஸ்லேர்ந்து வந்து அவங்க கூடவே இருந்து குழந்தைகளை வளர்த்தாங்க. அந்தப் பாட்டி இல்லாம, ஷான் டிவியில செஞ்ச பெண் வாக்குரிமைப் போராளி எமிலின் பாங்க்ஹர்ஸ்ட் வேஷமும் இல்ல, லிவியாவும் இல்ல. கணவர் குடி, கணவர் புகழ், வீட்டு நிர்வாகம், தன் தொழில் எல்லாத்தையும் ஒருத்தி ஒரே சமயத்துல சுமந்தா, 'தானாக எடுத்த முடிவு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட முடியாது. அவங்க சுயசரிதை ரெண்டு பாகமா வந்திருக்கு. இந்தக் கல்யாணம் இருக்கிறது ரெண்டாவது பாகத்துல, 2001-ல வந்தது. அந்த வாழ்க்கையோட சந்தோஷத்தையும் மறைக்கலை, அவதியையும் மறைக்கலை. ஓ'டூலைப் பழிவாங்குற தொனி எங்கேயும் வராது. படிச்சதுலேர்ந்து அவங்க மேல மரியாதை கூடிடுச்சு.

#8 கேசவ்_77

தேன்மொழி, அம்மா வந்து உடனிருந்த விஷயம் எனக்குத் தெரியாது. 'காவு' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் வாய்ப்பு இழப்பு நடந்தது என்ற கருத்தில் மாற்றமில்லை. பெரிய நாடகக் குழுக்களில் வரிசையாக ஷேக்ஸ்பியர் பாத்திரங்கள் செய்ய வேண்டிய வயது அது.

#9 நாடகப்பித்தன்

அந்த அளவில் கேசவ் சொல்வதோடு ஒத்துப்போகிறேன்.

'பெக்கெட்' (1964) படத்தை நினைத்துப் பாருங்கள். ரிச்சர்ட் பர்ட்டன் பெக்கெட், ஓ'டூல் அரசர் இரண்டாம் ஹென்றி. ஷானுக்கு க்வெண்டலன் என்ற வெல்ஷ் பெண்ணின் சிறிய வேடம். பெக்கெட் நேசிக்கிற பெண்ணை அரசர் கேட்கிறார், பெக்கெட் கொடுத்துவிடுகிறார், அவள் கத்தியால் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். வெல்ஷ்காரரான பர்ட்டன், வெல்ஷ் பெண்ணை, நிஜ வாழ்வில் அவள் கணவனான ஓ'டூலுக்குக் கொடுக்கிறார். அந்தச் சில நிமிடங்களில் ஷான் அழுவதில்லை, கெஞ்சுவதில்லை. பர்ட்டனைப் பார்க்கிற ஒரு பார்வை, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் கழித்து வரப்போகும் லிவியாவின் அமைதி அங்கேயே இருக்கிறது. யாரும் அப்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

#10 வல்வைக்குமரன்

நடிச்சதைப் பற்றிக் கதைக்கிறியள், எந்த மொழியில நடிச்சவ எண்டதையும் கொஞ்சம் பாப்பம்.

சோண்டர்ஸ் லூயிஸ் எண்டு ஒரு வெல்ஷ் நாடக ஆசிரியர். 1936-ல பென்னபெர்த் விமானப்படைக் கட்டடங்களுக்குத் தீ வைச்சுச் சிறைக்குப் போன மூண்டு பேரில ஒராள். 1962-ல 'மொழியின் விதி' எண்டு வானொலியில அவர் செய்த ஒரு உரையாலதான் வெல்ஷ் மொழிச் சங்கமே உருவாச்சுது. அவர் எழுதின 'ஷுவன்' நாடகம் 13-ம் நூற்றாண்டுக் கதை. இங்கிலாந்து மன்னர் ஜானின்ர மகள் ஷுவன், வேல்ஸ் இளவரசர் லவெலினின்ர மனிசி. அவவின்ர காதலனை லவெலின் 1230-ல தூக்கில போட்டது வரலாறு. அந்த நாடகத்தின்ர ஆங்கில வடிவத்தை 1960-ல பி.பி.சி. தொலைக்காட்சிக்குச் செய்யேக்க ஷுவனா ஷான், காதலனா ஓ'டூல்.

கேசவ் அண்ணை, நீங்கள் ரோயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு மாதிரி ஆக்களை நினைச்சுக் கவலைப்படுறியள். எனக்கு வேற கவலை. 1955-ல வெல்ஷ் மொழியில முழுநேரத் தொழிலா நடிச்சுச் சீவிக்க வழி இருக்கேல்ல. வானொலியும், அங்கொண்டும் இங்கொண்டுமா ஊர் சுத்துற நாடகமும்தான். வெல்ஷ் தொலைக்காட்சி எஸ்4சி தொடங்கினது 1982 நவம்பர் 1. அதுவும் க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பன் எண்டு அரசாங்கத்தை வெருட்டின பிறகு. அப்ப ஷானுக்கு 49 வயசு. அவவின்ர இளமைக்கு அது உதவேல்ல. லண்டனுக்குப் போகாட்டி இண்டைக்கு நாங்கள் இந்த இழையில கதைச்சுக்கொண்டிருக்க மாட்டம். எனக்கு அது துக்கம்தான்.

#11 பழைய_அலைவரிசை

குமரன் சொன்னது மனதில் தைத்தது. ஆனால் லண்டனுக்குப் போன பிறகும் வேல்ஸ் அவரை விடவில்லை. 1975 டிசம்பரில் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' பி.பி.சி. தொடர் தொடங்கியது. சுரங்கத் தொழிலாளி குடும்பத்தின் தாய் பெத் மார்கனாக ஷான். தந்தையாக ஸ்டான்லி பேக்கர். அவர் ரோண்டா பள்ளத்தாக்கில் சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர். தொடர் வந்து சில மாதங்களில், 1976 ஜூனில், 48 வயதில் நுரையீரல் புற்றுநோயால் போய்விட்டார்.

அந்த பெத் மார்கனையும் லிவியாவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒருத்தி பிள்ளைகளைச் சுரங்கத்துக்கும் கப்பலுக்கும் பறிகொடுத்து நிற்கிற தாய். இன்னொருத்தி தன் பிள்ளையை அரியணை ஏற்ற ஒரு குடும்பத்தையே கொன்று தீர்க்கிற தாய். இரண்டுக்கும் ஒரே வருஷ இடைவெளி. பாஃப்டா சிறந்த நடிகை விருதை 1977-ல் இரண்டு வேடங்களுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். சரியாகச் செய்தார்கள்.

#12 மீனா_திருமங்கலம்

லிவியா நிஜமாவே இத்தனை பேரைக் கொன்னாளா ஐயா?

#13 தேன்மொழி

மீனா, நிரூபணம் எதுவும் இல்ல. டாசிட்டஸ், டயோ மாதிரி பழைய எழுத்தாளர்கள் வதந்தியாவும் சந்தேகமாவும் சொன்னதை ராபர்ட் கிரேவ்ஸ் 1934 நாவல்ல கதையா கோத்துட்டார். தொடர் அதைத்தான் எடுத்துக்கிச்சு. நிஜ லிவியா கி.பி. 29-ல 86 வயசு வரை வாழ்ந்து செத்தா.

வயசுன்னதும் ஒண்ணு சொல்லணும். தொடர் எடுத்தப்போ ஷானுக்கு 43 வயசு. மகன் டைபீரியஸா நடிச்ச ஜார்ஜ் பேக்கர் அவங்களைவிட ரெண்டு வயசு மூத்தவர்! கணவர் அகஸ்டஸா வந்த பிளெஸ்ஸெட் மூணு வயசு சின்னவர். பார்க்கும்போது ஒரு இடத்துலயாவது இது தோணுச்சா?

ஆரம்பத்துல லிவியாவை எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாம ஷான் திணறியிருக்காங்க. அவ ஏன் இப்படி, அவ பக்க நியாயம் என்னன்னு தேடி, அவளைப் புரிய வைக்கணும்னு முயற்சி. இயக்குநர் ஹெர்பர்ட் வைஸ் கடைசியில சொன்னாராம், கெட்டவளாவே இரு, எவ்வளவு கெட்டவளோ அவ்வளவு சிரிப்பும் வரும், அவ்வளவு பயமும் வரும்னு. நாடகப்பித்தன் அண்ணா முதல் பதிவுல சிரிச்சேன், வயித்தைப் பிசைஞ்சுதுன்னு எழுதினாரே, அது இதுதான்.

#14 நாடகப்பித்தன்

இந்தச் செய்தி எனக்குப் புதுசு. எங்கள் குழுவில் நானும் நடிகர்களிடம் 'நியாயத்தைத் தேடு' என்றுதான் எப்போதும் சொல்வேன். யோசிக்க வைக்கிறது.

கிளாடியஸ் பற்றி இன்னொன்று. 1937-ல் இதையே சினிமாவாக எடுக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது. இயக்குநர் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க், மார்லின் டீட்ரிக்கை உலக நட்சத்திரமாக்கியவர். அறுபது வருஷம் கழித்து ஷான் மேடையில் அதே டீட்ரிக்காக நின்றார். பாம் ஜெம்ஸ் எழுதிய 'மார்லின்'. லண்டனில் ஓடி, 1999-ல் பிராட்வே போய், டோனி விருதுக்குப் பரிந்துரை பெற்றது.

#15 கேசவ்_77

பாட்டு எப்போது கற்றுக்கொண்டார்? அதுவரை இசை நாடகம் எதுவும் பட்டியலில் இல்லையே.

#16 தேன்மொழி

1980-ல 'பால் ஜோயி'தான் முதல் இசை நாடகம். அப்ப 47 வயசு. அதுக்கு முந்தின வருஷம்தான் ஓ'டூலோட விவாகரத்து. அந்த நாடகத்துக்கு ஆலிவியே விருதுப் பரிந்துரையும் வந்துச்சு. அப்புறம் 'ஜிஜி', 'எ லிட்டில் நைட் மியூசிக்', 'கேபரே'ன்னு வரிசையா. பாதி வாழ்க்கைக்கு அப்புறம் புதுசா ஒரு தொழிலையே கத்துக்கிட்டு அதுல நின்னு காட்டினவங்க. கேசவ் சார், அறுபதுகளோட இழப்புக் கணக்கை எழுதும்போது இந்தப் பக்கத்தையும் எழுதுங்க.

#17 வல்வைக்குமரன்

என்ர வேலை முதியோர் இல்லத்தில. அதால எனக்கு முக்கியமான ஒண்டு சொல்லுறன். 2010-ல பிரிஸ்டல் ஓல்ட் விக் அரங்கில டாம் மோரிஸ் 'ரோமியோ ஜூலியட்'டை ஒரு முதியோர் இல்லத்துக்குள்ள வைச்சு இயக்கினவர். ஷான்தான் ஜூலியட். 76 வயசில. பிள்ளையளின்ர காதலைப் பெற்றோர் மறிக்கிற இடமெல்லாம், கிழவர்களின்ர காதலைப் பிள்ளையள் மறிக்கிற மாதிரி மாத்தியிருந்தவை.

நான் அதை நேரில பாக்கேல்ல. ஆனா அப்பிடிப்பட்ட ஆக்களை நாளாந்தம் பாக்கிறன். ரெண்டு பேர் மேசையில கை கோத்துக்கொண்டு இருந்தா, பாக்க வாற மகளுக்கு முகம் மாறும். 'அம்மாவை வேற மேசையில இருத்துங்கோ' எண்டு எங்களிட்ட மெதுவாச் சொல்லுவினம். அந்த அம்மாவுக்கு அடுத்த நாள் சாப்பாடு இறங்காது. 76 வயசில ஒரு பெரிய நடிகை அந்த மேசையில வந்து இருக்கச் சம்மதிச்சவ எண்டதுக்கே நான் அவவுக்குக் கடமைப்பட்டிருக்கிறன்.

#18 பழைய_அலைவரிசை

குமரன், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை.

2016-ல் அவருக்கு டேம் பட்டம் கிடைத்தது, ஆண்களுக்குத் தரும் 'சர்' போல பிரிட்டனில் பெண்களுக்குத் தருவது. அத்தோடு ஓய்வெடுக்கவில்லை. அதே வருஷம் நேஷனல் தியேட்டரில் 'லே பிளாங்க்', அடுத்த வருஷம் 'டிரைவிங் மிஸ் டெய்ஸி'யோடு ஊர் ஊராகப் பயணம். 2021-ல், கொரோனா அடைப்புக்குப் பிறகு, நேஷனல் தியேட்டர் 'அண்டர் மில்க் வுட்'டை மேடையேற்றியது. வெல்ஷ் கவிஞர் டிலன் தாமஸ் வானொலிக்கு எழுதியது, குரல்களுக்காகவே எழுதியது. மைக்கேல் ஷீனோடு ஷானும் நடித்தார், 88 வயதில். இதே நாடகம் 1972-ல் சினிமாவானபோதும் அதில் இருந்தவர்தான், வேறு வேடத்தில்.

#19 கேசவ்_77

நான் இவரைப் பற்றி நினைத்திருந்தது குறைவான தகவலோடு என்று இப்போது தெரிகிறது. இந்த வாரம் தொடங்குகிறேன். லிவியா தவிர எதை முதலில் பார்க்கலாம்?

#20 தேன்மொழி

1974-ல வந்த 'ஷோல்டர் டு ஷோல்டர்'. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடினவங்களைப் பத்தின ஆறு பகுதித் தொடர். அதுல எமிலின் பாங்க்ஹர்ஸ்ட்டா வர்றாங்க. அதுக்கப்புறம் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1979) கடைசிப் பகுதி. தொடர் முழுக்க எல்லாரும் கதாநாயகனான உளவாளி ஸ்மைலியோட மனைவி 'ஆன்' பத்திப் பேசிக்கிட்டே இருப்பாங்க, ஆள் வரவே மாட்டா. கடைசியில ஷான் வர்றாங்க. ஸ்மைலியா வர்ற அலெக் கின்னஸ் எதிர்ல சில நிமிஷம்தான். அத்தனை நேரம் எல்லாரும் ஏன் அவளைப் பத்தியே பேசினாங்கன்னு புரியும்.

#21 மீனா_திருமங்கலம்

நேத்து ராத்திரி அகஸ்டஸ் சாகுற பகுதியைப் போட்டேன். ஐயா சொன்ன மாதிரி ரெண்டாவது தடவை கண்ணை மூடிக்கிட்டு, சத்தத்தை மட்டும் கூட்டி வச்சுக் கேட்டேன். அடுப்படியில இருந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, டிவி பக்கம் திரும்பவும் இல்ல. "யாரோ கெடையில கெடக்காக போல. பக்கத்துல இருந்து பேசுற பொம்பள யாரு, பொண்டாட்டியா?"ன்னாங்க. ஆமான்னேன். கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, "இவ ஏன் அழமாட்டேங்குறா?"ன்னாங்க.

இன்னைக்கு அம்மாவும் கூட உட்காருறேன்னு சொல்லியிருக்காங்க. முதல் பகுதியில இருந்து போடப் போறேன்.